முதலில் தூங்க விடுங்கள், அப்புறம் பேசலாம்

பெருந்தொற்று நேரத்தில் மருத்துவப் பணியாளர்களின் மனநலம் என்று யாராவது பேச்சை எடுத்தால், அடுத்த வரியிலேயே தியானமும் மூச்சுப் பயிற்சியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கூடவே ஒரு உதவி எண், ஒரு ஜூம் கூட்டம். எனக்கு இவற்றின் மேல் பகை ஒன்றும் கிடையாது. மூச்சுப் பயிற்சி நானும் செய்கிறவள்தான். ஆனால் கவச உடைக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் டூட்டி பார்த்துவிட்டு வெளியே வருகிற நர்ஸிடம், "தினமும் இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்க சிஸ்டர், சரியாயிடும்" என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். கோவிட் வார்டில் இருந்த காலத்தில் அப்படிச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள்தான். தூங்கி எழுந்து வந்தவர்கள்.

சீனாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2020 தொடக்கத்தில், ஹூனான் மாகாணத்தின் இரண்டாவது சியாங்யா மருத்துவமனை தன் பணியாளர்களுக்காக விரிவான மனநலத் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. ஆன்லைன் பாடங்கள், தொலைபேசி ஆலோசனை, மன அழுத்தம் குறைக்கும் குழு நிகழ்ச்சிகள் என்று குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் பணியாளர்கள் கலந்துகொள்ளத் தயங்கினார்கள். சில நர்ஸ்களிடம் எரிச்சல் தெரிந்தது. ஓய்வெடுக்க மறுத்தார்கள். "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள்.

அந்த மருத்துவமனை செய்த உருப்படியான காரியம் அதற்குப் பிறகுதான். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டார்கள். மனநல நிபுணர் வேண்டாம், யாரும் இடையில் எழுப்பாத ஓய்வும் போதுமான பாதுகாப்பு உடைகளும் வேண்டும் என்று பலர் சொன்னார்கள். வீட்டில் இருப்பவர்கள் நம்மை நினைத்துப் பயப்படக் கூடாது என்பது இன்னொரு கவலை. தனிமைப்படுத்தலுக்கு ஒத்துக்கொள்ளாமல் சண்டை பிடிக்கும் நோயாளிகளை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள். மருத்துவமனை திட்டத்தை மாற்றியது. தங்கி ஓய்வெடுக்க இடம் கொடுத்தது. சாப்பாட்டுக்கும் அன்றாடப் பொருள்களுக்கும் பொறுப்பேற்றது. பணியாளர்களின் அன்றாட வேலையை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப உதவியது. முரண்டு பிடிக்கும் நோயாளிகளைச் சமாளிக்கப் பாதுகாவலர்களை வைத்தது. ஆலோசகர்கள் தங்கள் அறைக்கு யாரையும் கூப்பிடாமல், ஓய்வறைக்குத் தாங்களே போய், பணியாளர்கள் பேசுவதைக் கேட்டார்கள். இது அந்த ஆண்டே லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது.

நான் சொல்ல வருவது இந்த வரிசையைத்தான். முதலில் தூக்கம், சாப்பாடு, கவச உடை, வீட்டுக்கு ஒரு தகவல். பேச்சு அதற்கு அப்புறம். நம்முடைய ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காரணமும் எளிதானது. பேச்சுக்குச் செலவு குறைவு, கூடுதல் ஆளுக்குச் செலவு அதிகம்.

பாதிப்பின் அளவு தெரியாமல் இல்லை. 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பதற்றத்தின் அறிகுறிகள் சுமார் 45 சதவீதம் பேருக்கு, தூக்கமின்மை 34 சதவீதம் பேருக்கு. நர்ஸ்கள், பெண்கள், நேரடியாக நோயாளிகளைப் பார்த்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் பாதிப்பு. தொற்று உலகம் முழுக்கப் பரவும் முன்பே எடுத்த கணக்கு இது.

நோய் தொற்றிவிடுமோ என்ற பயம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் கோவிடால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பக்கத்தில் நின்று வேலை பார்த்தவரின் பெயர் டூட்டி லிஸ்டிலிருந்து போன பிறகும், அதே லிஸ்டைப் பார்த்து மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆழமாகக் குத்தியது வேறு. என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் சொன்னதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி. நோயாளியின் வீட்டிலிருந்து தினமும் போன் வரும். உள்ளே வர அனுமதி இல்லாததால் அவர்களுக்கு வேறு வழியில்லை. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), சிடி ஸ்கேன் எல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்வார்கள். இவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டாரா சிஸ்டர்?" அவள் பார்த்துக்கொண்ட கட்டில்களின் எண்ணிக்கைக்கு, யார் சாப்பிட்டார், யாருடைய தட்டு அப்படியே திரும்பியது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. "சாப்பிட்டாரும்மா" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். சாவுகளைவிட அந்த "சாப்பிட்டாரும்மா"தான் தூக்கத்தில் வருகிறது என்றாள்.

இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? சரியாகச் செய்யத் தெரியும், செய்யவும் ஆசை, ஆனால் செய்ய முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டுவிட்டோம் என்கிற காயம் இது. அறம் சார்ந்த காயம் என்று உளவியலில் சொல்கிறார்கள். போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் பேசப்பட்டது, பெருந்தொற்றில் மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டது. ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள் என்பதுதான் முறை. அதைப் பல மடங்காக்கிவிட்டு, "குற்ற உணர்ச்சியைக் கையாள்வது எப்படி" என்று அவளுக்கு வகுப்பு எடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோளாறு அவள் மனத்தில் இல்லை, டூட்டி லிஸ்டில் இருக்கிறது.

இன்னொன்று, அலை ஓய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது கனடாவின் டொராண்டோ மருத்துவமனைகள் அதை எதிர்கொண்டன. அருகிலுள்ள ஹாமில்டனில் அந்த நோயாளிகள் இல்லை. சார்ஸ் முடிந்து 13 முதல் 26 மாதங்கள் கழித்து இரண்டு இடத்துப் பணியாளர்களையும் ஒப்பிட்டார்கள். பணிச்சோர்வு டொராண்டோவில் சுமார் 30 சதவீதம், ஹாமில்டனில் 19 சதவீதம். நோயாளிகளோடு இருக்கும் நேரத்தையும் வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டவர்களும் டொராண்டோவில்தான் அதிகம். பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமான அளவு கிடைத்தன என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. திரும்பவும் அதே பட்டியல்தான் பாருங்கள்.

மருத்துவப் பணியாளர்களைப் பாராட்டி ஊரே தட்டிய கைதட்டலைப் பற்றியும் கேட்பீர்கள். பிரிட்டனில் 2020 மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழக்கிழமைதோறும் தட்டினார்கள். தொடங்கி வைத்தவரே போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்றார். முதல் தடவை கேட்டபோது அழுதவர்கள் உண்டு, அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் உங்களுக்காக ஊரே தட்டும்போது "என்னால் முடியவில்லை, லீவு வேண்டும்" என்று வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வாயைத் திறந்தால் வேலைக்கு என்ன ஆகும் என்ற பயமும் கற்பனை அல்ல. நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். உதவி தேடினால் மருத்துவர் உரிமம் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரில் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் சட்டம் வந்தது, பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்க. உரிமப் படிவங்களில் மனநல வரலாற்றைக் கிளறும் கேள்விகளை நீக்கவும் அவர் பெயரிலான அறக்கட்டளை தொடர்ந்து முயல்கிறது. சட்டம் நல்லது. ஆனால் ஓர் உயிர் போகும்வரை அந்தக் கேள்விகள் பலர் கண்ணில் படவே இல்லை.

டாக்டர், நர்ஸ் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். வார்டைத் துடைத்தவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள், பிணவறையில் உடலைச் சுற்றிக் கட்டியவர்கள், இவர்களை எந்த ஆய்வாளர் எத்தனை தடவை கேட்டிருப்பார்? ஒப்பந்த வேலை என்றால் லீவு கேட்டதுமே வேலை போகும். அவர்களுக்கு உதவி எண் இருந்தும் என்ன, கூப்பிட நேரம் வேண்டாமா?

நான் சிகிச்சைக்கு எதிரி அல்ல. மனச்சோர்வு நோய்தான். மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரைதான் வேண்டும், லீவு மட்டும் போதாது. ஆனால் கொடுமையான சம்பவம் நடந்த அன்றே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து "மனதில் இருப்பதைக் கொட்டுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். அதை எல்லாருக்கும் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவரைச் சாப்பிட விடுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த அலைக்கான திட்டக் கோப்பை எடுங்கள். எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர், ஆக்சிஜன் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். நைட் டூட்டி முடித்தவர் எங்கே படுப்பார், அவருக்கு முடியாமல் போனால் அந்தக் கட்டில்களை யார் பார்ப்பார், மனநல மருத்துவரைப் பார்த்த விவரம் மேலதிகாரி கைக்குப் போகாமல் இருக்க என்ன ஏற்பாடு என்ற பக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதுவதற்கு இப்போது நேரம் இருக்கிறது. எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் வார்டுக்குப் போய்க் கேளுங்கள். டூட்டி மாறுகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள், அப்போது யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள்.