புளோரிடா கடற்கரையில் தூண்டில்: ஒரு திருத்தம்

“புளோரிடாவின் பொதுக் கடற்கரைகளில் தூண்டில் போட எந்த உரிமமும் தேவையில்லை, நகராட்சிகள் தடுக்கவும் முடியாது” எனக் கூறப்படுவதில் பாதிதான் சரி. கடல்மீன் பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசியலமைப்பு மாநில மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்திடம் அளித்திருப்பதால், நகராட்சிகள் மீன்பிடி விதிகளைத் தாமாக இயற்ற இயலாது என்பது உண்மையே. எனினும், தமக்குச் சொந்தமான கரையிலும் பாலத்திலும் நுழைவைக் கட்டுப்படுத்த அவற்றுக்கு உரிமை உண்டு (தூண்டிற்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்). மாநிலவாசிகளுக்குக் கரையோர மீன்பிடி உரிமம் இலவசம் என்பதற்காக அது தேவையில்லை என்றாகிவிடாது. மாநிலவாசி அல்லாதோர் அதைக் கட்டணம் செலுத்தியே பெற வேண்டும். கரையிலிருந்து சுறா பிடிப்போருக்கு, 2019 ஜூலை 1 முதல், ஆண்டுதோறும் தனி அனுமதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மீன்களை ஈர்க்க இரையைக் கடலில் தூவுவதும் கடற்கரையில் தடைசெய்யப்பட்டுள்ளது.