வாளி நிறைய மேக்கரல் எதற்கு?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களின் முகநூல் பக்கங்களில் வாளிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். பெயின்ட் வாளி, துணி ஊறவைக்கிற வாளி, பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிற வாளி, எதுவானாலும் விளிம்பு வரை மேக்கரல், நம் ஊர் அயிலையின் (கானாங்கெளுத்தியின்) சொந்தக்கார மீன். பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஒருவர். கீழே "செம வேட்டை", "எங்க பங்கு எங்க அண்ணே" என்று கமெண்ட்கள். இந்த வருடம் அந்தப் படங்களுக்கு லைக் போட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பதிவு நீளம்தான். சமையலுக்காக வந்தவர்கள் பாதியைத் தாண்டிக் கீழே போகலாம்.

நான் மீன் பிடிப்பதற்கு எதிரி இல்லை. நாகர்கோவில்காரன், அயிலையும் சாளையும் தின்று வளர்ந்த உடம்பு. இங்கே இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டார்செட் பக்கம் வந்த பிறகு கோடை முழுக்க எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு தூண்டில்தான். ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டும். கடலுக்கு அதெல்லாம் தேவையில்லை. பிடித்ததை விற்கத்தான் கூடாது. அதனால்தான் நம் ஆட்களும் இதில் சுலபமாக இறங்கிவிடுகிறார்கள். நல்ல விஷயம். சனிக்கிழமை முழுக்க ஷாப்பிங் சென்டரில் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

நான் தூண்டில் போடுகிற டார்செட்டின் செசில் கடற்கரையைப் பார்க்காதவர்களுக்கு: வெஸ்ட் பேயிலிருந்து போர்ட்லண்ட் வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு மணலே இல்லாத கூழாங்கல் மேடு. மேற்கு முனையில் கல் பட்டாணி அளவு. கிழக்கே போகப் போகப் பெரிதாகி, போர்ட்லண்ட் முனையில் உள்ளங்கை அளவு. நடந்தால் முழங்கால் கழன்றுவிடும். ஆனால் கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால், படகில் போனால்தான் கிடைக்க வேண்டிய மீன் அங்கே கரையிலிருந்து வீசுகிற தூரத்துக்கே வந்துவிடும். மே மாதம் முதல் அக்டோபர் வரை மேக்கரல் வரத்து இருக்கும். விடியற்காலையும் அந்தியும்தான் நல்ல நேரம்.

பிடிக்கிற முறை ரொம்ப எளிது. பன்னிரண்டு அடிக் கம்பு, ரீல், தூண்டில் நரம்பின் நுனியில் ஈயக்கட்டி. ஈயத்துக்கு மேலே சின்னச் சின்னக் கிளைகளில் ஐந்தாறு முள். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சாயம் போட்ட இறகோ மினுமினுக்கும் இழையோ கட்டியிருக்கும். இரை கிடையாது. வீசி, கொஞ்சம் மூழ்க விட்டு, கம்பை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். தண்ணீருக்குள் அது பொடிமீன் கூட்டம் ஓடுவதாகத் தெரியும். மேக்கரலுக்குக் காற்றுப்பை இல்லை, நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும். வாயைத் திறந்தபடி ஓடிக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாய்ந்து மூச்சு விட முடியும். ஓயாத ஓட்டம், ஓயாத பசி. கண்ணில் மினுங்கியதைக் கடித்துவிட்டுத்தான் யோசிக்கும். எட்டு வயதுப் பிள்ளையும் முதல் நாளே மீனோடு வீட்டுக்குப் போகிற கடல் விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் கரைக்கு வந்துவிட்டால் பார்க்கவே ஒரு தினுசாக இருக்கும். முதலில் கடற்காகங்கள் ஓரிடத்தில் வட்டமிட்டு விழும். அப்புறம் தண்ணீரின் மேல்பரப்பு கொதிக்க ஆரம்பிக்கும். நெத்திலி அளவுப் பொடிமீன்கள் மேக்கரலுக்குப் பயந்து கல்லின் மேலேயே துள்ளி விழும்; பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். வரிசையாக நிற்கிற கம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளையும். ஒவ்வொரு வீச்சுக்கும் நாலு, ஐந்து. இருபது நிமிடம், அரைமணி நேரம். பிறகு எதுவுமே நடக்காததுபோல் கடல் கிடக்கும்.

அந்த அரைமணி நேரத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. ஆறு முள், நாலு கம்பு, ஒரு குடும்பம்: நூறு மீன் சாதாரணம். நூறு மேக்கரலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நான் பார்த்தவரை நடப்பது இதுதான். வாளியில் கொஞ்சம் கடல்தண்ணீர் ஊற்றி மீனைப் போட்டு வெயிலில் வைப்பார்கள். மேலே விழுந்த மீனின் கனத்தில் கீழே கிடப்பது நசுங்கும். மதியம் மூன்று மணிக்கு அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகி, சிவந்து, நுரைக்கும். பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் முழு மீனை வாங்கிக்கொண்டு சிரிப்பார், கதவு சாத்தியதும் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மிச்சம் ஃப்ரீசருக்குள். நவம்பரில் ஃப்ரீசரைத் துப்புரவாக்கும்போது குப்பைக்கு. கடற்கரைக் குப்பைத்தொட்டி ஓரத்தில் பிளாஸ்டிக் பையோடு விட்டுப்போன மீனையும் பார்த்திருக்கிறேன், அதைச் செய்தவர்களில் எல்லா நிறத்தவரும் உண்டு.

மேக்கரல் காத்திருக்கிற மீன் இல்லை, அதுதான் சிக்கல். சூரை, அயிலை, மேக்கரல் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். சூடு பட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், வயிறு போகும். இதில் மோசமான விஷயம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் போகாது. "எனக்கு மேக்கரல் அலர்ஜி" என்று சொல்கிறவர்களில் சிலருக்காவது, அலர்ஜி மீனிடம் இல்லை, வாளியிடம்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஃப்ரீசரில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் ருசி நிற்காது. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் உறைந்த நிலையிலும் மெல்ல மெல்லக் காறிப்போகும்.

வெள்ளைக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஞாயிற்றுக்கிழமை வியாபாரமே கூடாது என்று கட்டுப்பாடாக இருந்த காலத்தில், லண்டனில் மேக்கரலை மட்டும் ஞாயிறன்று பூசை நேரம் தவிர விற்றுக்கொள்ளலாம் என்று 1698ல் சட்டமே போட்டார்கள். திங்கள் வரை மீன் தாங்காது, அவ்வளவுதான் காரணம். கர்த்தரின் நாளுக்கே விலக்கு வாங்கிய மீனை நம் ஆள் பெயின்ட் வாளியில் வெயிலில் வைக்கிறார்.

இனி கடலின் கதை. வடகடலில் இருந்த மேக்கரல் கூட்டம் 1960களின் கடைசியில் சுருக்குமடி வலையில் சிக்கிச் சரிந்தது. இன்றுவரை பழைய நிலைக்கு வரவில்லை. ஆமாம், நம் ஊர்க் கரைகளில் அடிதடி நடக்கிற அதே சுருக்குமடிதான். பிறகு 2009, 2010 வாக்கில் மீன் வடமேற்காக நகர்ந்து ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளின் கடலுக்குள் போனது. எங்கள் கடலுக்கு வந்த மீன் எங்களுக்கு என்று அவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். நார்வே, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் யாரும் தங்கள் பங்கை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருக்கவில்லை. எல்லோருடைய பங்கையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவை வருடா வருடம் தாண்டிக்கொண்டிருந்தது. 2019 மார்ச்சில் இந்த மீனுக்கு இருந்த எம்எஸ்சி நீல முத்திரையை, அதாவது கடல் வளம் குன்றாமல் பிடித்த மீன் என்பதற்கான சான்றை, நிறுத்திவைத்தார்கள். 2025 செப்டம்பரில், இந்தக் கணக்கைப் பார்க்கிற சர்வதேசக் கடல் ஆய்வு மன்றமான ஐசெஸ், 2026க்குச் சுமார் 1,74,000 டன்னுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்றது. முந்தைய வருடத்துக்குச் சொன்னதைவிட 70 சதவீதம் குறைவு.

உடனே ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும்: "கப்பல்காரன் லட்சம் டன் அள்ளுகிறான், என் வாளிதான் கடலைக் காலி பண்ணப்போகுதா?" நியாயமான கேள்வி. பதில், இல்லை. செசில் கரையில் நிற்கிற அத்தனை பேரும் நாளைக்கே தூண்டிலைத் தூக்கிப் போட்டாலும் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. தப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பங்கு பிரிக்கிற அரசுகளுடையது. தூண்டில்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்கே எரிச்சல் வரும். ஆனால் கப்பலில் ஏறிய மீன் எப்படியோ பனிக்கட்டிக்குள் போய் யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போகிறது. வாளியில் போன நூறில் அறுபது யார் வயிற்றுக்கும் போகவில்லை. என் கோபம் எண்ணிக்கையில் இல்லை, அந்த அறுபதில்தான்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 2023 முதல் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு ஆளுக்கு 20 மேக்கரல் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். இங்கே பாஸ் மீனுக்கு அப்படி நாள் வரம்பு உண்டு. மேக்கரல் என்றால் பேச்சு பெரும்பாலும் நீளத்தைப் பற்றித்தான், தெற்குக் கரையில் 20 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. என்னைக் கேட்டால் இருபதே அதிகம். அன்று இரவு சாப்பிடுகிற தலைக்கு இரண்டு, அவ்வளவுதான். "பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேன்" என்பதும் இந்த மீனிடம் செல்லாது. உலர்ந்த கையால் பிடித்தாலே மேல்வழுவழுப்பு போய், தோல் கெட்டு, நீந்திப் போனாலும் பிழைப்பது நிச்சயமில்லை. போதும் என்றால் முள்ளைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதுதான் வழி.

அப்போ விளையாட்டு? அங்கேதான் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது. ஆறு முள் மாட்டி, தடிக்கம்பில் ஐந்து மீனை ஒன்றாக இழுத்துப் போடுவதில் என்ன ருசி? அது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேலை. லேசான சின்னக் கம்பு, ஒரே ஒரு வெள்ளித் தகடு, ஒரே முள். அதில் ஒரு மேக்கரல் மாட்டட்டும், சூரையின் சொந்தக்காரன் யார் என்று கைக்குத் தெரியும். நாலு மீன் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் கடற்கரையில் நிற்கத்தானே வந்தோம்?

ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக. கூட்டமாக நிற்கும் கரையில் 150 கிராம் ஈயத்தை வீசும்போது, நுனிப்பகுதிக்குத் தடித்த நரம்பு கட்டாமல் வீசாதீர்கள். அறுந்து பறக்கிற ஈயம் ஆளையே கொல்லும்.

சரி, சமையல். அது கரையிலேயே ஆரம்பிக்கிறது. மீன் வந்ததும் துடிக்க விடாமல் தலையில் ஒரு கட்டையால் அடித்து, செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விட வேண்டும். இரக்கமும் அதுதான், ருசியும் அதுதான். பிறகு ஐஸ் பெட்டி. பனிக்கட்டியில் கொஞ்சம் கடல்தண்ணீர் ஊற்றினால் மீனைச் சுற்றிலும் குளிர் பிடிக்கும். வாளி வேண்டாம், தயவுசெய்து.

செதில் உரச வேண்டிய வேலை இல்லை, பட்டுத்தோல். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் நிறையப் பேர் கழுவிவிட்டு முடித்துவிடுகிறார்கள். உள்ளே முதுகெலும்பை ஒட்டி ஒரு கறுத்த ரத்தக்கோடு ஓடும், மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அந்தச் சவ்வைக் கத்திமுனையால் கீறி, கட்டைவிரல் நகத்தால் தலையிலிருந்து வால்பக்கம் வரை ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். குழம்பில் வருகிற கவுச்சியில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஊர் அயிலைக்கு வைக்கிற குழம்பை அப்படியே இதற்கு வைத்தால் திகட்டும். அட்லாண்டிக் மேக்கரல் இன்னும் கொழுத்தது, அதிலும் செப்டம்பர் மீன். நம் ஊரில் அரைக்கிற அளவுக்குத் தேங்காய் அரைத்தால் கொழுப்பின் மேல் கொழுப்பு ஏறி இரண்டாவது கவளத்திலேயே கை நின்றுவிடும். நான் தேங்காயைக் கால்வாசியாக்கி விடுகிறேன், சில நாள் முழுவதுமே விட்டுவிடுகிறேன். சின்ன உள்ளி, நல்லமிளகு, வத்தல், மல்லி, மஞ்சள் அரைத்து, புளியைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்து, மண்சட்டியில் மசாலா நன்றாகக் கொதித்த பிறகுதான் மீன். ஆறேழு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஒரு ஆட்டு.

ஊரில் அயிலைக் குழம்பில் மாங்காய் போடுவோம். இங்கே ஜூன், ஜூலையில் கூஸ்பெரி கிடைக்கும், முள்செடியில் காய்க்கிற பச்சைப் புளிப்புக் காய். மேக்கரலோடு கூஸ்பெரி சாஸ் வைத்துத் தின்பது இங்கிலாந்தின் பழைய பழக்கம். ஒரு கைப்பிடி கூஸ்பெரியைக் குழம்பில் போட்டுப் பாருங்கள், பாதி உடைந்து பாதி முழுசாக நிற்கும். புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி முதலில் முகம் சுளித்தாள், இப்போது ஜூலையில் அவளே வாங்கி வைக்கிறாள்.

பொரிப்பதானால் முள்நீக்கி இரண்டாகப் பிளந்து, மிளகாய்த்தூள், மிளகு, மஞ்சள், உப்பு தடவி, தோல் கீழே இருக்கும்படி சட்டியில் போடுங்கள். எண்ணெய் பெயருக்குத்தான், மீனே எண்ணெய் விடும். கிரில்லில் வைத்தால் ஜன்னலைத் திறந்துவைக்க மறக்காதீர்கள். இந்த வாடைக்குத் தீ அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் தெருவில் நின்ற கதை எனக்குத் தெரிந்த வீட்டிலேயே உண்டு.

உள்பெட்டியில் "ஃப்ரீசரில் மீன் இருக்கா, ரெண்டு கிலோ வேணும்" என்று கேட்கிறவர்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஒரு சாயங்காலம் நேரில் வாருங்கள். கம்பு நான் தருகிறேன், குழம்பும் நானே வைக்கிறேன். மீனை நீங்கள்தான் கழுவ வேண்டும்.