ருத்தேனியம் விலை குறைக்க அல்ல

மெத்தனாலிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில், வினையூக்கியான பிளாட்டினத்தோடு ருத்தேனியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பது செலவைக் குறைக்கத்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையான காரணம் அதுவல்ல. மெத்தனால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது நடுவில் வரும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேல் பசை மாதிரி ஒட்டி இடத்தை அடைத்துவிடும். ருத்தேனியம் குறைந்த மின்னழுத்தத்திலேயே தண்ணீரிலிருந்து ஓஎச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) தொகுதியைப் பிடித்துப் பக்கத்து மோனாக்சைடுக்குக் கொடுக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடாகிக் கிளம்பிவிடும். வாட்டனபே, மோட்டூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

பினாங்கில் முதுகலை ஆய்வுக்காக ருத்தேனியம் சேர்க்காத வெறும் பிளாட்டினத்தை வைத்து மெத்தனால் தரும் மின்னோட்டத்தை அளந்தேன். சில நிமிடத்தில் மின்னோட்டக் கோடு சரிந்து படுத்துக்கொண்டது. அலுமினாப் பொடியில் தேய்த்துக் கழுவிப் போட்டாலும் அதே கதை. (முதல் வாரம் முழுக்க கம்பி இணைப்பைத்தான் சந்தேகப்பட்டேன்!)

அப்புறம், மெத்தனாலுக்குப் பதில் எத்தனாலை எரிபொருளாக்கினால் இந்த பிளாட்டினம்–ருத்தேனியம் கூட்டணி போதாது. கார்பன்–கார்பன் பிணைப்பு உடையாமல் அசிட்டிக் அமிலத்தோடு நின்றால், ஒரு மூலக்கூறிலிருந்து முழுதாகக் கிடைக்க வேண்டிய 12 எலக்ட்ரானுக்குப் பதில் 4-தான் கிடைக்கும்.