கார்பன் ஹார்ட்டெயில்: கிராம் கணக்கைவிடப் பெரிய கேள்வி

மலைப்பாதைகளில் ஏறியும் இறங்கியும் ஓடும் கிராஸ்-கன்ட்ரி பந்தயத்துக்கான கார்பன் ஹார்ட்டெயில், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக், புதிதாக ஒன்று வெளிவரும்போதெல்லாம், அதன் சட்டகம் எத்தனை கிராம் என்பதே முதல் செய்தியாகிறது. 2020-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் எஸ்-வொர்க்ஸ் எபிக் ஹார்ட்டெயிலை 790 கிராம் சட்டகத்தோடு வெளியிட்டபோதும் பேச்செல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே இருந்தது. பொறியியல் நோக்கில் அது பெரிய சாதனை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், சட்டகத்தில் 100 கிராம் குறைவதால் பத்து நிமிடச் செங்குத்து ஏற்றத்தில் மிச்சமாகும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை. அதே ஏற்றத்தில், வேரும் கல்லும் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் பின்சக்கரம் ஒருமுறை பிடிமானம் இழந்து வெறுமனே சுழன்றாலே அதைவிட அதிக நேரம் போய்விடும். சட்டகம் எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வளையலாம், எங்கே அசையவே கூடாது என்பதை வடிவமைப்பாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததுதான் இந்த வகை வண்டியில் நடந்த மெய்யான முன்னேற்றம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இது கார்பனில் மட்டும் இந்த அளவுக்குச் சாத்தியமானதற்குக் காரணம் அந்தப் பொருளின் இயல்பு. அலுமினியம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு உடையது. கார்பன் இழையோ மூங்கிலைப் போல நீளவாக்கில் மிக உறுதியாகவும் குறுக்குவாக்கில் பலவீனமாகவும் இருக்கிறது. குழாயின் அச்சுக்கு நேராகப் போடப்படும் இழைகள் வளைவைத் தாங்கும். 45 பாகைச் சாய்வில் இரு பக்கமும் போடப்படும் இழைகள் முறுக்கைத் தாங்கும். ஆகவே பெடலை மிதிக்கும் விசை ஓடும் டவுன் டியூப் (சட்டகத்தின் கீழ்க் குழாய்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்), செயின் ஸ்டே (அங்கிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) ஆகியவற்றை முறுக்குக்கு அசையாதவையாகவும், இருக்கையின் அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் சீட் ஸ்டேக்களை மெலிந்து தட்டையானவையாகவும் ஒரே சட்டகத்துக்குள் அமைக்க முடிகிறது.

இங்கே இழையின் தரம் பற்றிய விளம்பரங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். டோரே நிறுவனத்தின் டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல். எம்40ஜே இழையினுடையது 377 கிகாபாஸ்கல். ஆனால் முன்னது அறுபடுவதற்கு முன் ஏறத்தாழ 2.1 சதவீதம் நீளும், பின்னது 1.2 சதவீதம் மட்டுமே நீளும். விறைப்பான இழையைக் கொண்டு குறைந்த அடுக்குகளில் சட்டகத்தை முடித்துவிடலாம். ஆனால் கல்லில் மோதும்போது அதிர்ச்சியை உள்வாங்கும் திறன் குறைந்துவிடும். அதனால் நல்ல சட்டகம் எதுவும் ஒரே இழையால் ஆனதல்ல. எந்த அடுக்கு எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வருகிறது என்ற திட்டமே அதன் உயிர். அந்தத் திட்டம் ஒவ்வொரு சட்டக அளவுக்கும் தனித்தனியாக வகுக்கப்பட வேண்டும். பெரிய அளவுக்கு வகுத்த அடுக்குகளையே சிறிய அளவுக்கும் போட்டால், எடை குறைந்த, உயரம் குறைந்த ஓட்டுநர்கள் தேவையற்ற விறைப்பைச் சுமக்க நேர்கிறது. பெண் ஓட்டுநர்கள் பலரை நேரடியாகப் பாதிக்கும் இந்த விஷயம், கிராம் கணக்குக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பின்பக்கத்தை இலகுவாக்க இயந்திர வழியிலும் முயன்றார்கள். பிஎம்சி நிறுவனம் டீம்எலைட் 01 சட்டகத்தின் சீட் ஸ்டேக்களில் மீள்தன்மையுள்ள எலாஸ்டோமர் துண்டை வைத்துப் பின்சக்கரத்துக்குச் சிறிதளவு அசைவைக் கொடுத்தது. டிரெக் நிறுவனம் புரோகாலிபர் என்ற தன் ஹார்ட்டெயிலில் ஐசோஸ்பீட் என்ற இணைப்பின் மூலம் சீட் டியூபை (இருக்கையைத் தாங்கும் குழாய்) டாப் டியூபிலிருந்து (மேல் குழாய்) பிரித்து, பேரிங் மீது அசையவிட்டது. இரண்டும் மதிக்கத்தக்க சிந்தனைகள். ஆனால் பிஎம்சி பிறகு டூஸ்ட்ரோக் என்ற ஹார்ட்டெயிலில் எலாஸ்டோமரைக் கைவிட்டு, தாழ்ந்த சீட் ஸ்டேக்களையும் ஆங்கில எழுத்து ‘D’ வடிவ சீட் போஸ்டையும் (இருக்கையைத் தாங்கும் தண்டு) நம்பியது. டிரெக்கும் 2024-இல் வந்த புரோகாலிபரில் அந்த இணைப்பை நீக்கிவிட்டு, டாப் டியூபே சீட் டியூபைக் கடந்து சீட் ஸ்டேக்களாகத் தொடரும் ஐசோபோ வடிவத்துக்கு மாறியது. தேய்மானம் உள்ள, எடை கூடிய பாகம் செய்த வேலையில் பெரும்பகுதியைக் குழாயின் வடிவமும் இழையின் அடுக்கும் செய்துவிடும் என்றால், எளிய வழியே சிறந்த வழி. ஹார்ட்டெயிலின் பெருமையே பராமரிக்க வேண்டிய மூட்டு பின்னால் எதுவும் இல்லை என்பதுதான்.

இந்த வளைவு எங்கிருந்து வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீட் டியூப், செயின் ஸ்டே, சீட் ஸ்டே சேர்ந்த பின் முக்கோணம் என்பது மூன்று பக்கமும் கட்டப்பட்ட அமைப்பு. அது மேலும் கீழுமாக அசைவது மிகக் குறைவு. ஓட்டுபவர் உணரும் அசைவில் முதல் பங்கு டயருடையது. 2.1 அங்குல டயரிலிருந்து 2.35, 2.4 அங்குலத்துக்கும், உள் அகலம் 30 மில்லிமீட்டர் உள்ள ரிம்களுக்கும் நகர்ந்தது தந்த சுகத்தை எந்தச் சட்டகமும் தந்ததில்லை. அடுத்த பங்கு சீட் போஸ்டுடையது. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு, அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. சட்டகத்துக்கு வெளியே தெரியும் போஸ்டின் நீளத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் வளைவு ஏறத்தாழ 1.7 மடங்காகும். டாப் டியூப் பின்னோக்கி இவ்வளவு சரிவதும், சீட் ஸ்டேக்கள் தாழ்வாகச் சேர்வதும் வெறும் அழகுக்காக அல்ல. அதேபோல, போஸ்டின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டத்தை 27.2 மில்லிமீட்டரிலிருந்து 31.6 மில்லிமீட்டராக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

இங்கேதான் இன்றைய ஹார்ட்டெயில்களின் பெரிய முரண்பாடு இருக்கிறது. பந்தயப் பாதைகள் கடினமாகிவிட்டதால் இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் கிராஸ்-கன்ட்ரியிலும் பரவிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆன, பெரும்பாலும் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த போஸ்ட், மெல்லிய கார்பன் போஸ்ட் வளைவதைப் போல வளையாது. ஆகவே வளையும் போஸ்டை வைத்து அளந்த சுகத்தை விளம்பரத்தில் சொல்லிவிட்டு, டிராப்பர் பொருத்திய வண்டியை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல. நிறுவனங்கள் இரண்டு போஸ்டுகளோடும் அளந்து, டயரோடு சேர்த்த மொத்த அசைவில் சட்டகத்தின் பங்கு எவ்வளவு என்று வெளியிட வேண்டும்.

வடிவக் கோணங்களின் மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஒருகாலத்தில் 71 பாகையாக இருந்த ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் திருப்பு அச்சு தரையோடு அமைக்கும் கோணம்) இன்று 67 பாகையை ஒட்டி வந்துவிட்டது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் குறுகி, சட்டகத்தின் முன்பகுதி நீண்டிருக்கிறது. ஹார்ட்டெயிலுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்பது அதிகம் பேசப்படுவதில்லை. முழு சஸ்பென்ஷன் வண்டியில் ஏறி அமர்ந்தால் முன்னும் பின்னும் சேர்ந்து தாழும். கோணம் பெரிதாக மாறாது. ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் தாழ்கிறது. 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் ஓட்டுநரின் எடையில் 20 மில்லிமீட்டர் அமர்ந்தாலே கோணம் ஏறத்தாழ ஒரு பாகை செங்குத்தாகிவிடும்; முழுவதுமாக அமுங்கினால் ஐந்து பாகை. காகிதத்தில் 67 என்று இருப்பது, செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் 70-ஐத் தாண்டிவிடும். எனவே ஹார்ட்டெயிலின் கோணம் சாய்வாகிக்கொண்டே போகிறது என்று கவலைப்படுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

முன்பல்சக்கரங்களுக்கிடையே செயினை மாற்றும் முன் டெரெய்லர் மறைந்ததும் சட்டக வடிவமைப்புக்குப் பெரும் விடுதலை. 2012-இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி ஒற்றை முன்பல்சக்கரத்தோடு வந்த பிறகு, டெரெய்லருக்காக ஒதுக்கிய இடத்தைச் செயின் ஸ்டேயைக் குறுக்கவும் பாட்டம் பிராக்கெட்டை அகலப்படுத்தவும் பயன்படுத்த முடிந்தது. 29 அங்குலச் சக்கரத்தோடும் பின்பகுதி குட்டையாக இருக்க இதுவே வழிவிட்டது. கேனன்டேல் நிறுவனம் 2014-இல் எஃப்-எஸ்ஐ சட்டகத்தில் பல்சக்கரத் தொகுதி முழுவதையும் 6 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி, செயின் ஸ்டேயை 429 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தது துணிச்சலான தீர்வு. ஆனால் அதற்கேற்ப மையம் மாற்றிக் கட்டிய பின்சக்கரம் தேவைப்பட்டது. 148 மில்லிமீட்டர் அகலமுள்ள பூஸ்ட் பின் ஹப் (சக்கரத்தின் மையப்பகுதி) எல்லோருக்கும் பொதுவான அளவாகியதையும், 2019-இல் பின் டெரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் யுடிஎச் எனும் பொது ஹேங்கர் வந்ததையும் நான் இதனால்தான் அதிகம் மதிக்கிறேன்.

கேபிள்களை ஹெட்செட் (ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுதி) வழியாக நுழைக்கும் இன்றைய பழக்கத்தில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சேறும் தண்ணீரும் படும் மேல் பேரிங்கை மாற்றுவதற்கு பிரேக் ஹோஸைக் கழற்றி, மறுபடி எண்ணெய் நிரப்பிக் காற்று நீக்க வேண்டிய நிலை, மலைப்பாதை வண்டிக்குப் பொருந்தாது. காற்றெதிர்ப்பு முதன்மையான சாலைப் பந்தயத்தில் அதற்கொரு நியாயம் இருக்கலாம்; இந்த வேகத்தில் இல்லை. டவுன் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடியிட்ட துளைகளும், அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட்டுக்குப் பதிலாகத் திருகு மரையுள்ள பாட்டம் பிராக்கெட்டும் இருந்தால், சட்டகத்தின் எடை சில பத்து கிராம் கூடினாலும் நான் அந்த வண்டியையே பரிந்துரைப்பேன்.