குழியைச் சொன்னால் நிலாவைக் காட்டுகிறார்கள்

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் சித்தப்பாவிடம், "நடைபாதையில் நடக்கவே இடமில்லை, பாதி பைக், மீதி குப்பை" என்றேன். அவ்வளவுதான். "அமெரிக்காவில் மட்டும் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லையா?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் எங்கே அமெரிக்காவைப் பற்றிப் பேசினேன்? சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது என்றால் சந்திரயான் இறங்கியதை ஞாபகப்படுத்துகிறார். சரி, 2023 ஆகஸ்டில் இறங்கியது, நானும்தான் கைதட்டினேன். அதை வைத்து இந்தக் குழியை மூட முடியுமா?

இதே சித்தப்பா காலையில் பேப்பரைப் பிரித்தால் "இந்த நாடு உருப்படாது" என்பார். அவர் சொல்லலாம். நான் சொன்னால், அதுவும் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் நின்றால், மானம் போய்விடுகிறது.

1927-ல் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி இந்தியாவைத் தூற்றிப் புத்தகம் எழுதினார். 'சாக்கடை இன்ஸ்பெக்டர் அறிக்கை' என்றார் காந்தி. அந்நியன் ஆண்ட காலம், அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதே காந்திதான் 1916-ல் காசியில், மகாராஜாக்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், விசுவநாதர் கோயில் சந்துகளின் அழுக்கையும் ரயில் பெட்டியில் துப்புவதையும் போட்டு உடைத்தார். அவரிடமும் சித்தப்பா "பிடிக்கவில்லையென்றால் லண்டனுக்கே போங்கள்" என்றிருப்பாரோ?

பஸ் வந்தது. குழியைச் சுற்றிக்கொண்டு, ரோட்டில் இறங்கித்தான் இருவரும் ஏறினோம்.