சால்வை தீர்ந்துவிட்டதாம்

26-ஆம் தேதி நம்ம ஊரில் நடந்த கார்கில் வெற்றி நாள் விழாவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் நாலு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மேடையில் என்னைக் கிண்டல் செய்த அந்த வீடியோ நம்ம ஊர் வாட்ஸப் குரூப்போடு நின்றிருந்தால் விட்டிருப்பேன். நேற்று செக்கானூரணியில் பஸ் மாறும்போது டீ குடிக்க நின்றேன். முன்னே பின்னே தெரியாத ஒரு பையன் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கதான அந்த ஊசி மிலிட்டரி?" என்று கேட்டான். பாவம், கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் என் பெயர் என்று நினைத்துக் கேட்டான். அதனால் எழுதுகிறேன்.

வீடியோவைத் திரும்ப இங்கே போடப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டீர்கள். மைக் பிடித்த தம்பியின் பெயரையும் சொல்ல மாட்டேன், அவன் அப்பா என்னோடு படித்தவர். சொல்ல வந்தது ஒன்றுதான். நான் பட்டாளத்துக்காரன். 1993-ல் சிப்பாயாகச் சேர்ந்து 2021-ல் சுபேதாராக வெளியே வந்தவன். ஆர்மி மெடிக்கல் கோர், அதாவது ராணுவத்தின் மருத்துவப் பிரிவு; அதில் நர்சிங் அசிஸ்டென்ட். அந்தக் கோர் 1943-லிருந்து ராணுவத்துக்குள்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் தனியாகக் கடை போட்டு நடத்தவில்லை.

முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் எட்டுப் பேரை மேடைக்குக் கூப்பிட்டு எட்டுப் பேருக்கும் சால்வை. ஒன்பதாவது நான். "இவரு சண்டை போட்டவரு இல்லைங்க, சண்டை போட்டவங்களுக்கு ஊசி போட்டவரு. எங்க போட்டாருன்னு மட்டும் கேக்காதீங்க!" மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மச்சினன்கூடச் சிரித்தான், அது வீடியோவில் நன்றாகவே தெரிகிறது. அப்புறம் சால்வை தீர்ந்துவிட்டது என்று ஒரு துண்டை எடுத்துப் போட்டார்கள். விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. 65 ரூபாய். எனக்குப் பிறகு வந்த பத்தாவது ஆளுக்கு எங்கிருந்தோ ஒரு சால்வை முளைத்தது பாருங்கள், அதுதான் அன்றைய அதிசயம்.

"ஜோக்குதானே அண்ணே, இதுக்குப் போயி" என்று மூன்று பேர் இன்பாக்ஸில் சொல்லிவிட்டார்கள். ஜோக்குதான். நானும் மேடையில் சிரித்தேனே, பார்க்கவில்லையா? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே. விழா எதற்கு? கார்கில் வெற்றி நாளுக்கு. 1999 ஜூனில் நான் எங்கே இருந்தேன் என்று அந்தத் தம்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கார்கில் சண்டை நடந்த ட்ராஸ் பக்கம் ஒரு ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்தேன். ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்றால் சைரன் வைத்த வண்டி என்று நினைப்பவர்களுக்கு: அது ஒரு யூனிட்டின் பெயர். டென்ட்டும் ஸ்ட்ரெச்சரும் டாக்டரும் எங்களைப் போன்றவர்களும் சேர்ந்தது. பகலில் ரோட்டில் ஷெல் விழும். அதனால் ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் வண்டி வரும். இறக்கியதும் முதல் வேலை பூட்ஸைக் கழற்றுவது. ரத்தத்தில் ஊறிய பூட்ஸ் கயிறு அந்தக் குளிரில் காய்ந்து கம்பி மாதிரி இறுகியிருக்கும். விரலால் அவிழ்க்க வராது, கத்தரிக்கோலை உள்ளே விட்டு வெட்ட வேண்டும். பூட்ஸோடு சேர்ந்து காலும் வந்துவிடுமோ என்று கை நடுங்கும். நடுங்கினால் வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வெட்ட வேண்டும். இதுதான் ஊசி போடுகிற வேலை.

அந்தச் சண்டையில் 527 பேர் உயிரைக் கொடுத்தார்கள். 1,300 பேருக்கு மேல் காயம். காயம்பட்டவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள்? மாட்டுத்தாவணிக்கு டிக்கெட் எடுத்து பஸ் ஏறியா வந்தார்கள்?

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "உயிரைக் கொடுத்தவங்களோட உங்களை ஒப்பிடலாமா?" நான் எங்கே ஒப்பிட்டேன்? ஒப்பிடவும் மாட்டேன். அவர்கள் முகத்தைத் துணியால் மூடியவன் நான், எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். எட்டுப் பேருக்குப் போட்ட சால்வையைத்தான் கேட்டேன். அந்த எட்டில் இரண்டு பேர் சர்வீஸ் முழுக்க ஸ்டோரில் கணக்கு எழுதியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அரிசி வராமல் பட்டாளம் நகராது. ஆனால் கணக்கு எழுதினவர் வீரர், கட்டுப் போட்டவன் கம்பவுண்டரா? இது என்ன கணக்கு?

"துப்பாக்கியே தூக்காதவங்க" என்று ஒரு கமென்ட். தம்பி, எங்கள் கோரின் லக்னோ டிரெய்னிங் சென்டரில் எங்களுக்கும் பரேடு உண்டு, ஃபயரிங் உண்டு. தோள்பட்டை வீங்குகிற வரைக்கும் சுட்டிருக்கிறேன். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி சிவப்புச் சிலுவைப் பட்டை கட்டியவனும் தன்னையும் தன் நோயாளியையும் காப்பாற்ற ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். முன்னேறித் தாக்கத்தான் கூடாது. சுட வருகிறவன் முன்னால் திருப்பிச் சுட்டுக்கொண்டே ஓடுவதற்கும், ஸ்ட்ரெச்சரைக் கீழே போடாமல் நடப்பதற்கும் எது கஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒப்பிடுகிறேன் என்பீர்கள்.

சரி, நம்ம தமிழ்நாட்டு ஆளையே சொல்கிறேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆற்காட்டுக்காரர். 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற பாராசூட் மருத்துவ யூனிட்டைக் கூட்டிக்கொண்டு 1950-ல் கொரியப் போருக்குப் போனார். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு அவரும் அவருடைய ஆட்களும் விமானத்திலிருந்து குதித்தார்கள். போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள் அவருக்கு. அவரை மேடையில் ஏற்றியிருந்தாலும் துண்டுதான் போட்டிருப்பீர்களோ? "அவர் டாக்டர், நீங்க?" என்று கேட்பவர்களுக்கு: அன்றைக்கு டாக்டர்கள் மட்டும் குதிக்கவில்லை, எங்களைப் போல ஸ்ட்ரைப் போட்டவர்களும், அதாவது ஆபீசர் இல்லாத ஆட்களும், குதித்தார்கள். நர்ஸ் வேலை என்றால் அவ்வளவு இளக்காரமா? கெர்ட்ரூட் அலிஸ் ராம், ராணுவ நர்சிங் சர்வீஸ், 1976-லேயே மேஜர் ஜெனரல். நம்ம ராணுவத்தில் அந்த ரேங்கைத் தொட்ட முதல் பெண் அவர்தான். விடுங்கள்.

நான் ஒன்றும் பிறக்கும்போதே தைரியசாலி இல்லை. டிரெய்னிங்கில் முதல் தடவை வார்டுக்குக் கூட்டிப் போனபோது முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த ஒரு காலின் காயத்துக்கு டிரஸ்ஸிங் மாற்றினார்கள். நான் தடால் என்று விழுந்துவிட்டேன். எழுந்தபோது டிரெய்னிங் கொடுத்த உஸ்தாத் திட்டவில்லை. ஒரு வாரம் பெட்பேன் கழுவ விட்டார். எட்டாம் நாள், "அப் தேக்", இப்போ பாரு, என்று அதே காலுக்கு முன்னால் உட்கார வைத்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் போன பையன் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம், "தர்த் கஹாங் ஹை?" எங்கே வலிக்கிறது என்று கேட்கத்தான் எனக்கு முதலில் இந்தி வந்தது.

நாயக் ரேங்க் வாங்கிய பிறகு, 2005 குளிர்காலம், சியாச்சினில் 18,000 அடிக்கு மேலே ஒரு போஸ்ட். டாக்டர் கீழே, ரேடியோவில் குரல் மட்டும். மேலே மருத்துவம் தெரிந்தவன் நான் ஒருவன். ஊசி மருந்தை வெளியே வைத்தால் உறைந்துவிடும், அதனால் ஆம்ப்யூல்களை உள்பனியனுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். ஒரு ராத்திரி ஹிமாச்சல் பையன் ஒருவனுக்கு மூச்சுத் திணறல். நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். ஹேப்போ. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற வியாதி, கீழே இறக்காவிட்டால் ஆள் போய்விடுவான். ராத்திரியில் ஹெலிகாப்டர் வராது. அதற்கென்று ஒரு பை உண்டு. ஆளை உள்ளே படுக்க வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, காலால் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே காற்றழுத்தம் கூடும், பையில் இருப்பவனுக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கின மாதிரி. அடிப்பதை நிறுத்தக் கூடாது. நானும் லாங்கிரியும், அதாவது போஸ்ட்டின் சமையல்காரரும், மாற்றி மாற்றி விடிய விடிய மிதித்தோம். மிதிக்கிற எங்களுக்கும் மூச்சு வாங்குகிற உயரம் அது. பையில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து அவன் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். காலையில் சீத்தா ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. பிழைத்துக்கொண்டான் என்று பத்து நாள் கழித்து ரேடியோவில் சொன்னார்கள். அவன் முகம் இப்போது ஞாபகத்தில் இல்லை. வலது முழங்கால் வலி மட்டும் மழைக்காலத்தில் வந்துவிடுகிறது.

அந்த லாங்கிரியையும் மேடையில் ஏற்றியிருந்தால் "சோறு மிலிட்டரி" என்றிருப்பான் அந்தத் தம்பி.

விளம்பரம் தேடுகிறேன் என்கிறார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? தேடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கய்யாவும் பட்டாளம்தான், மெட்ராஸ் ரெஜிமென்ட். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ஊர் டீக்கடையில் உட்கார்ந்து கத்திக் காட்டுவார். ப்ளஸ் டூவில் பயாலஜி மார்க் இருந்ததால் எனக்கு நர்சிங் அசிஸ்டென்ட் டிரேடு என்று வந்ததும், "ஊசி போடவாடா ஒன்ன அனுப்புறேன்" என்றார். ரயில் ஏறும்போது ஸ்டேஷனுக்கு வரவில்லை. அப்புறம் இருபது வருஷம், யார் கேட்டாலும் "மகன் பட்டாளத்துல இருக்கான்", அதோடு நிறுத்திக்கொள்வார். எந்தப் பிரிவு என்று கேட்டால் பேச்சு மழைக்குப் போய்விடும். 2016-ல் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. லீவில் வந்து இரண்டு மாதம் நான்தான் பார்த்தேன். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி, வாய் கோணலாக, "ஒரு நாளைக்கு இப்புடி எத்தன பேரப் பொரட்டுவ?" என்று கேட்டார். "வார்டு முழுசா நாப்பது பேருய்யா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. மைக் பிடித்த தம்பியைப் பற்றித்தான் ஆரம்பித்தேன்.

வெளியே வந்த பிறகு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா சார்?" என்றார். இல்லை. "அப்ப வார்டு பாய் போஸ்ட்தான் சார் தர முடியும்." அவரைத் தப்பு சொல்ல முடியாது, சட்டம் அப்படி. பட்டாளத்தில் கேட்டால் நீ மெடிக்கல், வெளியே கேட்டால் நீ மெடிக்கலே இல்லை, ஊரில் கேட்டால் நீ பட்டாளமே இல்லை. அப்புறம் நான் யார்யா?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊருக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு எது வந்தாலும் "மாமா, கேன்டீன்ல ரெண்டு பாட்டில் சொல்லிவிடுங்க" என்று போன் வரும். அப்போது மட்டும் நான் ஒரிஜினல் மிலிட்டரி. அந்த விழாவுக்கு முதல் நாள் ராத்திரிகூட கமிட்டியிலிருந்து அப்படி ஒரு போன் வந்தது. எடுத்தும் கொடுத்தேன். இனிமேல் கிடையாது.

"விட்டுருங்கண்ணே" என்று யாரும் கமென்டில் எழுத வேண்டாம். துண்டு என் வீட்டில்தான் இருக்கிறது, விலைச் சீட்டோடு. கமிட்டியில் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போகலாம். ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் பிரஷர் பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.