கோமாரி இருக்கும் வரை எருமைக்கு விலை இல்லை

2025 ஜனவரியில், பெர்லின் நகரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், 14 எருமைகள் கொண்ட ஒரு மந்தையில் கோமாரி, அதாவது வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோய், வந்தது. மூன்று செத்துப்போயின. மீதி இருந்தவற்றையும் அதிகாரிகள் கொன்றுவிட்டார்கள். 1988-க்குப் பிறகு ஜெர்மனியில் கோமாரி தலைகாட்டியது அதுதான் முதல்முறை. உடனே தென்கொரியா ஜெர்மன் பன்றி இறைச்சியை நிறுத்தியது. பிரிட்டன் மாடு, பன்றி, ஆடு எதன் இறைச்சியும் அங்கிருந்து வரக்கூடாது என்றது. இத்தனைக்கும் ஒரு பன்றிக்குக்கூட நோய் வரவில்லை. குளம்பு பிளந்த எல்லாப் பிராணிக்கும் தொற்றும் நோய் என்பதால் எருமைக்கு வந்தது பன்றி வியாபாரத்தையும் முடக்கியது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கட்டுத்தறிதான் கண்முன் வந்தது.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் எருமைக்குக் கோமாரி வந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கும். நாக்குத் தோல் உரிந்து உள்ளே செக்கச்செவேல் என்று தெரியும். குளம்பு இடுக்கில் புண். அப்பா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவினார். தீவனத்தைத் தொடவே மாட்டேன் என்றது, அதனால் அம்மா ராகிக் கூழை ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். பிழைத்துக்கொண்டது. ஆனால் பால் பாதியாகக் குறைந்தது, பிறகு ஏறவே இல்லை. சினையும் நிற்கவில்லை. கடைசியில் அடிமாடாகத்தான் போனது. சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு அப்பாவின் விரலைப் பிடித்து ஒரு விலை சொன்னார். அது எவ்வளவு என்று அப்பா வீட்டில் சொல்லவே இல்லை.

எங்களுக்கு அது ஒரு வீட்டின் நஷ்டம். நாட்டுக்கும் இதே நோயால்தான் நஷ்டம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இந்தியா பசு இறைச்சியை ஏற்றுமதி செய்வதில்லை, அதற்குத் தடை இருக்கிறது. போவதெல்லாம் எலும்பு நீக்கி உறையவைத்த எருமை இறைச்சி. 2014-15-இல் ஏறக்குறைய 478 கோடி டாலருக்குப் போனது. அந்த உச்சத்துக்குப் பிறகு அளவு குறைந்தது, 2024-25-இல் மதிப்பு 400 கோடி டாலரை ஒட்டி இருந்தது. வாங்குவது வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் போன்ற நாடுகள். கிலோவுக்குச் சராசரியாக 3 டாலர் அளவுதான் கிடைக்கிறது. கொரியா அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தருவது இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது தானியம் தின்று கொழுத்த மாடு, நம்முடையது கறவை ஓய்ந்த எருமை. ஆகவே முழு வித்தியாசத்தையும் நோயின் தலையில் போட மாட்டேன். ஆனால் கொரியா, ஜப்பான் வாசலுக்குப் போய் நிற்கவே நமக்கு வழியில்லை என்பதற்குக் கோமாரிதான் காரணம்.

அப்புறம் எப்படி இவ்வளவாவது விற்கிறோம்? இதற்கு ஒரு முறை இருக்கிறது. அறுத்த உடலை 2 டிகிரிக்கு மேலான குளிரில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட வேண்டும். அந்த நேரத்தில் தசையில் புளிப்பு ஏறும். முதுகுத் தசையில் கருவியை வைத்து அளந்தால், புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் என்ற அளவு 6-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் புளிப்பில் கோமாரிக் கிருமி செத்துவிடும். ஆனால் எலும்பிலும் நிணநீர்க் கட்டியிலும் சாகாது. அதனால்தான் எலும்பையும் கட்டிகளையும் எடுத்துவிட்டு வெறும் சதையை மட்டும் அனுப்புகிறார்கள். இவ்வளவு சுத்தமாகச் செய்தும் பல நாடுகள் ‘உன் நாட்டில் நோய் இருக்கிறது, வேண்டாம்’ என்று கதவைச் சாத்துகின்றன. இந்தோனேசியாகூட, நாடு முழுக்க நோயற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்திய பிறகு, 2016-இல்தான் நம் எருமை இறைச்சியை உள்ளே விட்டது.

வரி குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களுக்குக் கொரியாவைக் காட்டுவேன். அமெரிக்க மாட்டிறைச்சிக்கு அங்கே 40 சதவீத வரி இருந்தது. 2012-இல் தொடங்கி வருடாவருடம் குறைத்து 2026-இல் பூஜ்ஜியமாக்க ஒப்பந்தம். ஆனால் 30 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் இறைச்சி வரக்கூடாது என்ற கட்டுப்பாடு, பைத்திய மாட்டு நோய் பயத்தில் 2008-இல் சோல் தெருக்களில் மக்கள் மெழுகுவர்த்தியோடு திரண்ட நாளிலிருந்து தொடர்கிறது. அந்த 30 மாதத்தை அமெரிக்க ஆலையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? பல்லைப் பார்த்துத்தான். நம் சந்தைத் தரகர் செய்வதும் அதேதான்.

அப்படியென்றால் கோமாரியை ஒழிக்க முடியாதா? பிரேசில் செய்து காட்டியிருக்கிறது. 60 ஆண்டுகளுக்கு மேலான உழைப்பு. கடைசியாகக் கோமாரி வந்தது 2006-இல். 2025-இல் உலக விலங்கு நல அமைப்பு, தடுப்பூசி இல்லாமலே நோயற்ற நாடு என்று பிரேசிலை அங்கீகரித்தது. உலகில் அதிகம் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு அது. ஜெர்மனியும் இழந்த தகுதியை மூன்று நான்கு மாதங்களில் மீட்டுக்கொண்டது.

நம்மிடமும் திட்டம் இருக்கிறது. 2019-இல் கோமாரிக்கும் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய்க்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாயில் தேசிய அளவில் தொடங்கினார்கள். 2025-க்குள் கட்டுப்படுத்தி 2030-க்குள் ஒழிப்பது என்று அப்போது இலக்கு வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவச ஊசி, காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை. பணம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. கோட்டைவிடுவது ஊருக்குள்தான். ஊசி போட்டால் நாலு நாள் பால் குறையும் என்று மாட்டை முகாமுக்கு ஓட்டி வராத வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சொசைட்டியில் ஊற்றும் பாலில்தான் அந்த வீட்டின் வாரச் செலவு ஓடுகிறது. அந்த நாலு நாள் பாலுக்கு அரசு ஒரு தொகை கொடுத்தால் என்ன? ஊசிக்குச் செலவழிக்கிறோம், ஊசி போட வைப்பதற்கும் செலவழிப்போமே. அதோடு எந்த ஊரில் எத்தனை மாட்டுக்குப் போட்டார்கள், எத்தனை விடுபட்டன என்ற கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

நம்மூர் அடிமாடு பெரும்பாலும் கேரளாவுக்குத்தான் போகிறது, வெளிநாட்டுக்குப் போகும் இறைச்சியில் உத்தரப்பிரதேசத்தின் பங்குதான் பெரிது, நமக்கென்ன என்று கேட்கலாம். கோமாரிக் கிருமிக்கு மாநில எல்லை தெரியாது. ஏற்றுமதியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஊசி போட்ட எருமை பாலும் தரும், சினையும் நிற்கும், அடிமாட்டுச் சந்தைக்குப் போக இன்னும் நாலைந்து ஈற்று தள்ளிப்போகும்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள். முகாம் தேதி தெரிந்ததும் அம்மா முதல் நாள் ராத்திரியே அக்கம்பக்கத்து வீடுகளில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். போன முறை ஐஸ் பெட்டியோடு வந்தவரிடம், எங்கள் தெருவில் விடுபட்ட மூன்று மாடுகள் யார் வீட்டில் நிற்கின்றன என்று கூடவே நடந்து காட்டிக்கொடுத்தாராம். அதில் ஒரு வீட்டுக்காரர் இன்னும் அம்மாவோடு பேசுவதில்லை.